மூன்று பேருக்கு ஒரு வயல்

"இரண்டாம் கிழமை, செவ்வாய், ஆய்வுகூடம், மு.ப. 10.20. வீட்டுத்திட்ட வீடு உதாரணம். எல்லோருக்கும் விளங்கியது. கடைசி இலக்க அக்காவுக்கு விளங்கவில்லை."

என் முதலாம் வருடக் குறிப்புக் கொப்பியில் அவரைப் பற்றி இருக்கும் முதல் பதிவு இது. இதில் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, திகதி இல்லை. தவணையைக் கிழமைக் கணக்கில் எண்ணிப் பழகியிருந்ததால், எத்தனையாம் கிழமை என்று எழுதினால் போதும் என நினைத்துவிட்டேன். மற்றக் குறை பெரிது. 'எல்லோருக்கும் விளங்கியது' என்பது பொய். எனக்கு விளங்கியிருக்கவில்லை. தலையாட்டினேன், அவ்வளவுதான். பக்கத்துக் கதிரையில் இருந்தவளும் தலையாட்டினாள். பிறகு விசாரித்ததில் அவளுக்கும் விளங்கியிருக்கவில்லை.

பாடத்தின் பெயர் பொருள்நோக்குச் செய்நிரலாக்க அறிமுகம். வரவுத்தாளில் எங்கள் இலக்கங்கள் வரிசையாக வரும். அவற்றின் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே முந்திய வருடத்து இலக்கம் ஒன்றே ஒன்று இருக்கும். போன வருடம் இந்தப் பாடத்தில் தவறி, எங்களோடு திரும்ப எடுக்க வந்தவரின் இலக்கம் அது. நாங்கள் எல்லோரும் கையெழுத்து என்று ஒரு கிறுக்குக் கிறுக்கிவிட்டுத் தாளைத் தள்ளுவோம். அவர் மட்டும் முழுப் பெயரையும் தமிழில், எழுத்தெழுத்தாக, கட்டத்தை நிரப்பி எழுதுவார். அந்தத் தாள்களில் நான்கைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அவற்றைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பெயரை இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று அவரிடம் கேட்கவில்லை. கேட்காமல் எழுதினால் "ஏன் எழுதினீர்?" என்பார். அவருடைய 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் நின்ற அனுபவம் எனக்குப் போதும். அக்கா என்றே எழுதுகிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தது இது. எங்கள் விரிவுரையாளர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து போகிறவர், இளவயது, பொறுமையானவர். பாடத்தை ஆங்கிலத்தில் சொல்லி, விளக்கத்தைத் தமிழில் தருவார். கிளாஸ் என்றால் என்ன, ஒப்ஜெக்ட் என்றால் என்ன என்று விளக்க அவர் எடுத்த உதாரணம் வீட்டுத்திட்டம். கிளாஸ் என்பது வீட்டின் பிளான். பிளானில் யாரும் குடியிருக்க முடியாது. அந்தப் பிளானை வைத்துக் கட்டுகிற ஒவ்வொரு வீடும் ஒரு ஒப்ஜெக்ட். ஒரு பிளான், ஆயிரம் வீடு. எங்களில் முக்கால்வாசிப் பேர் அப்படியான வீடுகளிலிருந்துதான் வந்திருந்தோம். நல்ல உதாரணம்.

"விளங்கிச்சோ?" என்றார் சேர். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அப்படிக் கேட்பது அவர் பழக்கம்.

"ஓம் சேர்" என்றோம்.

"விளங்கேல்லை சேர்" என்று கதவடியிலிருந்து ஒரு குரல்.

"என்ன விளங்கேல்லை?"

அக்கா எழும்பி நின்றார். "பிளான் ஒண்டு, வீடு கன. அது சரி. எங்கட வீட்டில குசினியை உள்ளுக்கு வைச்சுத்தான் பிளான் தந்தவை. விறகு அடுப்பு, புகை தாங்கேலாது. நாங்கள் உள்குசினியை நெல்லு மூட்டை வைக்க விட்டிட்டு, வெளியால ஒரு குசினி போட்டிட்டம். இப்ப எங்கட வீடு அந்தக் கிளாஸோ, இல்லையோ?"

சிரிப்பு எழுந்தது. சேரும் சிரித்தார். "அதுக்கு ஒரு வழி இருக்கு. ஆறாம் கிழமை வரும்."

அக்கா கொப்பியில் பெரிதாக ஆறு என்று எழுதி, வட்டம் போட்டுவிட்டு இருந்தார்.

ஆறாம் கிழமை வந்தது. ஒரு கிளாஸிலிருந்து இன்னொரு கிளாஸை விரித்தெடுப்பது பற்றிய பாடம். சேர் வாகனம், கார், லொறி என்று தொடங்கினார். கதவடியில் கை உயர்ந்தது.

"சேர், குசினி."

அன்று யாரும் சிரிக்கவில்லை என்று எழுத ஆசைதான். சிரித்தார்கள். ஆனால் சேர் காரையும் லொறியையும் அழித்துவிட்டு, வெண்பலகையில் வீடு ஒன்றை வரைந்து, அதிலிருந்து வெளிக்குசினி வீடு என்று இன்னொன்றை விரித்துக் காட்டினார். எனக்கு அந்தப் பாடம் அன்றைக்குத்தான் விளங்கியது. அக்காவும் கொப்பியில் இருந்த வட்டத்தைக் குறுக்கே வெட்டினார். அவருடைய கொப்பி முழுவதும் இப்படி வட்டங்கள்தான். வெட்டிய வட்டம் விளங்கியது. வெட்டாதது கடன் மாதிரி நிற்கும்.

போன வருடம் அவர் தவறிய கதையை அவரே சொன்னார். பரீட்சையில் வந்த கேள்விகளில் பாதி பழைய வினாத்தாள்களில் வந்தவை. அவருடைய பட்ச் பிள்ளைகள் விடைகளைப் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அக்காவும் பாடமாக்கியிருந்தார். ஆனால் விளங்காத கேள்விகளுக்கு எழுதாமல் வெறும் தாளாக விட்டுவிட்டார்.

"தெரிஞ்ச விடையை ஏனக்கா விட்டனியள்?" என்று கேட்டேன்.

"விடை தெரியும். அது ஏன் விடை எண்டு தெரியாது."

"எழுதியிருந்தா பாஸ்."

"ஓம். ரெண்டாம் வருசம் அதுக்கு மேல வீடு கட்டச் சொல்லுவினம். எதுக்கு மேல கட்டுறது?"

இதைவிட எனக்குப் பிடித்தது அலுவலகத்தில் நடந்தது. இது நான் கண்ணால் கண்டதல்ல. அக்கா சொன்னதை, அதே கவுண்டரில் இருந்த எழுதுநரிடம் பிறகு கேட்டு உறுதிப்படுத்தினேன். பாடத்தைத் திரும்ப எடுக்க விண்ணப்பப் படிவம் ஒன்று உண்டு. அதில் 'முன்னர் சித்தியடையாமைக்கான காரணம்' என்று ஒரு கட்டம். அக்கா அதில் "பாடம் விளங்கவில்லை" என்று எழுதிக் கொடுத்தார். எழுதுநர் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"தங்கச்சி, இப்பிடி ஒருத்தரும் எழுதிறேல்லை. சுகமில்லை எண்டு போடுங்கோ. இல்லாட்டி குடும்பக் காரணம்."

"எனக்குச் சுகம்தான் அண்ணை. வீட்டிலயும் எல்லாரும் சுகம்."

"அப்ப சேர்மாருக்குக் குறை சொல்லுற மாதிரி இருக்கும்."

"அவையளும் சுகம்."

படிவம் அப்படியே போனது. எழுதுநர் இதை என்னிடம் சொன்னபோது தலையைச் சொறிந்துகொண்டார்.

அக்காவின் ஊர் பூவரசங்குளம் பக்கம். தகப்பன் அங்குள்ள ஒரு சிறு குளத்தில் துருசைத் திறந்து மூடுகிறவர். குளக்கட்டில் உள்ள மதகைத்தான் நாங்கள் துருசு என்போம். அவர் மற்றவர்களின் வயலுக்குத் தண்ணீர் விடுவார், வாய்க்கால் முழுக்க நடந்து பார்ப்பார். அந்தக் குளத்தின் கீழ் அவர்களுக்கு ஒரு பரப்பு வயலும் இல்லை. தகப்பனின் பெற்றோர் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். எங்களோடு கதைக்கும்போது அக்கா 'ஓம்' என்பார். தொலைபேசியில் அம்மாவோடு கதைக்கும்போது மட்டும் மலைநாட்டு 'ஆமா' வரும். அதை எங்கள் பட்சில் ஒருவன் கவனித்துவிட்டான். கன்ரீனில், பத்துப் பேர் முன்னால் கேட்டான்.

"அக்கா எந்தப் பக்கம்?"

"பூவரசங்குளம்."

"அதுக்கு முதல்?"

"அதுக்கு முதல் நான் பிறக்கேல்லை."

அவன் விடவில்லை. "உப்பிடி விளங்கேல்லை விளங்கேல்லை எண்டே டிகிரி முடிக்கப் போறியளோ?"

"நீர் விளங்கிச்சு எண்டே முடிச்சுக்கொள்ளும். ரெண்டு பேரும் வேலைக்குப் போய்ப் பாப்பம்" என்று சொல்லிவிட்டு, அவன் தட்டில் இருந்த வடையில் பாதியைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போனார். கொப்பியில் இதற்கு எதிரே "ஐந்தாம் கிழமை, வியாழன், உளுந்து வடை" என்று இருக்கிறது.

அவரிடம் மடிகணினி இல்லை. பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் நிரலைக் கையால் எழுதிக்கொண்டு வருவார். ஆய்வுகூடத்தில் கதவடிக் கொம்பியூட்டரில் அதைத் தட்டுவார். பிழைச்செய்தி சிவப்பில் வந்தால் நாங்கள் முகத்தைச் சுளிப்போம். அவர் கதிரையை முன்னுக்கு இழுத்துப்போட்டு, செய்தியை ஆறுதலாக வாய்விட்டு வாசிப்பார். "இவன் ஒருத்தன்தான் இஞ்ச தலையாட்டாதவன்" என்பார் கொம்பியூட்டரைக் காட்டி.

எட்டாம் கிழமை எங்கள் இருவரையும் சோடியாகப் போட்டார்கள். இறுதிச் செயற்றிட்டத்துக்காக. நான் பரந்தனுக்குக் கிட்ட உள்ள குடியேற்றத் திட்டத்திலிருந்து வருகிறேன். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி எடுத்தவர்கள். அப்பா கமக்காரர் அமைப்பின் செயலாளர், கூட்டக் குறிப்புப் புத்தகம் எழுதுகிறவர். திகதி எழுதும் பழக்கம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது. செயற்றிட்டத்தின் தலைப்பும் எங்களுக்கு வசதியாக இருந்தது: சிறுபோகப் பங்கீடு. வெயில்காலப் போகத்தில் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. அதனால் துருசுக்குக் கிட்ட உள்ள வயல்களை மட்டும் விதைப்பார்கள். தூரத்து வயல்காரருக்கும் அதில் பங்கு உண்டு. இதை நிரலாக எழுத வேண்டும். குளம், விவசாயி, வயல் என்று மூன்று கிளாஸ்களைச் சேரே தந்திருந்தார். உள்ளே வரும் மூன்று விவசாயிகளை எங்கள் ஊரிலிருந்து, உண்மையாக நடந்த ஒரு போகத்திலிருந்து எடுக்க வேண்டும்.

அக்கா முதல் நாளே நான்காவது கிளாஸ் ஒன்றைச் சேர்த்தார். துருசு திறக்கிறவர்.

"அது கேக்கேல்லையே அக்கா."

"அப்ப தண்ணி தானா வருதோ?"

அதைச் சேர் ஏற்றுக்கொண்டார். சிக்கல் வயலில் வந்தது.

அக்காவுக்கு இது எவ்வளவு முக்கியம் என்பதை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். வீட்டில் அவருக்குக் கொடுத்தது ஒரு தவணை. இம்முறையும் விழுந்தால் படிப்பை விட்டு ஊருக்குப் போவது என்று தாயோடு பேசி முடிவாகியிருந்தது. "விடிய ஆறு மணிக்கு கார்மென்ஸ் பஸ் எங்கட படலையடியால போகுது. ஏறினாச் சரி. என்ர கூட்டாளிமார் நாலு பேர் அதிலதான் போகினம்" என்று சொன்னார். அந்தத் தையல் ஆலை வேலையை இழிவாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் ஏற விரும்பிய பஸ் அதல்ல.

எங்கள் மூன்று விவசாயிகளை நான் அப்பாவிடம் கேட்டு எடுத்தேன். குறிப்புப் புத்தகத்தைப் புரட்டி ஒரு சிறுபோகத்தைச் சொன்னார். எங்கள் வீடும் இன்னும் இரண்டு வீடுகளும் துருசடியில் ஒரே வயலைப் பங்குக்கு எடுத்த வருடம் அது.

"ஆளுக்கு எவ்வளவு அப்பா? எப்பிடிப் பிரிச்சனியள்?"

"வயலைப் பிரிக்கேல்லை பிள்ளை. இடையில வரம்பு போட்டா அதுக்கே காணி போயிடும். மூண்டு வீடும் சேந்து விதைச்சம். நெல்லைத்தான் பிரிச்சது."

"அப்ப தண்ணி?"

"தண்ணியை எப்பிடிப் பிரிக்கிறது? ஒரு வயலுக்குள்ளதானே நிக்குது."

நான் இதைச் சொன்னதும் அக்கா அப்படியே எழுதினார். நாங்கள் படித்த நிரல்மொழியில் 'நியூ' என்று ஒரு சொல் உண்டு. அதை எழுதும் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு பொருள் உண்டாகும். பொருள் வேறு, அதைக் குறிக்கும் பெயர் வேறு. ஒரு பொருளுக்கு மூன்று பெயர் இருக்கலாம். எந்தப் பெயரால் தொட்டாலும் அதே பொருள்தான் அசையும். அக்கா 'நியூ' என்று ஒரு தடவைதான் எழுதினார். வயல் ஒன்று. அதை மூன்று விவசாயிகளின் கையிலும் கொடுத்தார்.

பத்தாம் கிழமை, திங்கள், பி.ப. 1.40க்குச் சேர் எங்கள் வேலையைப் பார்த்தார். முதலாவது விவசாயியின் வயலுக்குத் தண்ணீர் விட்டார். மூன்று பேரின் வயலும் நனைந்தது.

"இஞ்ச பாருங்கோ. மூண்டு பேரும் ஒரே ஒப்ஜெக்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கினம். இது முதல் வருசத்தில எல்லாரும் விடுகிற பிழை. ஒவ்வொருத்தருக்கும் நியூ போடுங்கோ."

"பிழை இல்லை சேர். வயல் ஒண்டுதான்."

"ஆளுக்கு ஒரு வயல் எண்டுதான் கேள்வியில இருக்கு."

"உண்மையா நடந்த போகத்தை எடுக்கச் சொல்லியும் கேள்வியில இருக்கு."

சேர் கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் ஏழு சோடிகள் காத்திருந்தன. "தங்கச்சி, திருத்துறது நான் மட்டும் இல்லை. பதிவேத்தின உடன ஒரு சோதனை நிரல் ஓடும். பத்துச் சோதனை. அதில மூண்டு, ஒருத்தருக்கு விட்ட தண்ணி மற்றவையிட்டப் போகுதோ எண்டு பாக்கிறது. உங்கட மூண்டும் விழும். ரெண்டு நியூ கூடப் போட்டா முடிஞ்சுது."

"நியூ எண்டு எழுதினா வயல் வருமெண்டா, எங்கட அப்பா காணி கேட்டுக் கச்சேரிக்கு இத்தனை வருசம் அலைஞ்சிருக்கத் தேவையில்லை சேர்."

இதைக் கோபமாகச் சொல்லவில்லை. குசினியைக் கேட்ட அதே குரலில் சொன்னார். சேர் அடுத்த சோடியிடம் போனார்.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை நான் அக்காவோடு வாதாடினேன். கன்ரீனில், பஸ் தரிப்பிடத்தில், நூலக வாசலில். "அக்கா, உங்களுக்கு இது கடைசித் தவணை." "தெரியும்." "மூண்டு சோதனை விழுந்தா வாய்மொழியில நல்லாச் செய்தாத்தான் பாஸ்." "தெரியும்." "சேர் சொல்லுறதைச் செய்துபோட்டு, சரியானது எதெண்டு எங்களுக்குத் தெரிஞ்சா போதாதே?" இதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்துப் பதில் சொன்னார். "உங்கட அப்பா கூட்டக் குறிப்பில அப்பிடி எழுதுவாரோ? மூண்டு பேரும் தனித்தனி விதைச்சவை எண்டு?"

எழுதமாட்டார்.

பன்னிரண்டாம் கிழமை, வெள்ளி. பதிவேற்றக் கடைசி நேரம் பி.ப. 4.00. அக்காவிடம் மடிகணினி இல்லாததால் பதிவேற்றும் பொறுப்பு என்னுடையது. பி.ப. 3.10க்கு நான் அவருடைய ஒரு வரியை அழித்து மூன்று வரிகள் எழுதினேன். எட்டு நிமிடம் எடுத்தது. மூன்று விவசாயி, மூன்று வயல். சோதனை நிரல் பத்துக்குப் பத்தும் பச்சை காட்டியது. அனுப்பினேன். அக்காவுக்காகத்தான் செய்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். என் பெறுபேற்றுக்காகவும்தான் என்பதை இப்போது எழுதுகிறேன். அன்று கொப்பியில் "பதிவேற்றம், 3.18" என்று மட்டும் இருக்கிறது. என் கொப்பியில் இவ்வளவு சுருக்கமான பதிவு வேறு இல்லை.

பதினான்காம் கிழமை, புதன், பி.ப. 2.15, வாய்மொழிப் பரீட்சை. மேசைக்கு அந்தப் பக்கம் சேர். இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர். சேர் எங்கள் நிரலை ஓட்டி, முதலாவது விவசாயிக்குத் தண்ணீர் விட்டார். ஒரு வயல் நனைந்தது. இரண்டு வயல் காய்ந்து கிடந்தன.

"நல்லது. திருத்தியிருக்கிறியள்" என்றார்.

அக்கா திரையை எட்டிப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

"இது எங்கட இல்லை சேர்."

"உங்கட இலக்கம்தானே?"

"இலக்கம் எங்கட. வயல் எங்கட இல்லை."

"அப்ப ஆர் மாத்தினது?"

அந்த இடத்தில் அவர் என்னைத் திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. "எனக்குத் தெரியாது சேர். மாத்தேக்க நான் பாக்கேல்லை."

அது என்னைக் காப்பாற்றச் சொன்னது என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. தான் காணாததைக் கண்டதாகச் சொல்லமாட்டார், அவ்வளவுதான்.

"நான்தான் சேர்" என்றேன். சேருக்குக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை சொன்னேன்.

சேர் பேனையை மேசையில் வைத்தார். என்னிடம், "நீர் அனுப்பினதுக்கு உமக்குப் புள்ளி போடுறன்" என்றார். அக்காவிடம், "உமக்கு எதைத் திருத்த?" என்றார்.

"என்ரதை."

"மூண்டு சோதனை விழும்."

"விழட்டும் சேர்."

"நீர் ரிப்பீட். உமக்குத் தெரியுந்தானே?"

"ஓம் சேர். அதுதான் ரெண்டாந்தரமும் வந்து இருக்கிறன்."

அக்கா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, என் மூன்று வரிகளையும் அழித்து, தன்னுடைய ஒரு வரியைத் தட்டினார். பையிலிருந்த நாட்காட்டித் தாளை எடுக்கவே இல்லை. ஏழு பச்சை, மூன்று சிவப்பு. சிவப்பை வழக்கம்போல ஆறுதலாக வாய்விட்டு வாசித்தார். "'இரண்டாம் விவசாயியின் வயல் நனைந்துள்ளது.' ஓம், நனைஞ்சுதான் இருக்கு."

சேர் பரீட்சைத் தாளில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார். "சரி, உம்மட கணக்குப்படி வயல் ஒண்டு. மூண்டாவது ஆள் போகத்தின்ர நடுவில தன்ர பங்கை இன்னொருத்தருக்குக் குடுக்கிறார். இப்ப என்ன செய்வீர்? வயலைத் தூக்கிக் குடுப்பீரோ?"

சுவர்க்கடிகாரத்தில் நான் மூன்று நிமிடம் எண்ணினேன். மற்றவர்கள் என்றால் எதையாவது சொல்லத் தொடங்கியிருப்பார்கள். அக்கா தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுக்கேலாது சேர். வயல் அங்கதான் நிக்கும். குடுக்கிறது பங்கை. பங்கு எண்டது வேற ஒரு கிளாஸ். அதை நான் எழுதேல்லை." நிமிர்ந்தார். "என்ரதில பிழை இருக்கு சேர். நீங்கள் சொன்ன பிழை இல்லை, வேற பிழை."

சேர் பேனையை எடுத்து எழுதத் தொடங்கினார். நெடுநேரம் எழுதினார். தாளை இடக்கையால் மறைத்துக்கொண்டு எழுதுவது அவர் வழக்கம்.

வெளியே விறாந்தையில் நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அக்கா நிறுத்தினார்.

"எவ்வளவு நேரம் எடுத்தது மாத்த?"

"எட்டு நிமிசம்."

"அதில ஒரு நிமிசம் எனக்குப் போன் பண்ணியிருக்கலாம்."

"நீங்கள் விடமாட்டியள் எண்டுதான்..."

"ஓம், விடமாட்டன். அதைக் கேக்கத்தானே போன்." சற்று நடந்துவிட்டுத் திரும்பினார். "தேத்தண்ணி குடிப்பம் வாரும். உம்மில இன்னும் கோபம்தான். அது வேற."

பெறுபேறு அடுத்த தவணையின் இரண்டாம் கிழமை, திங்கட்கிழமை, அறிவித்தல் பலகைக்கு வந்தது. எனக்கு பி பிளஸ். பட்டியலின் அடியில், கோட்டுக்குக் கீழே, அந்த ஒரே இலக்கத்துக்கு எதிரே: சி. சித்தி. கார்மென்ஸ் பஸ்ஸில் அவர் ஏறவில்லை.

ஆனால் அந்தச் 'சி'யை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. திரும்ப எடுக்கிறவர்களுக்கு எங்கள் வளாகத்தில் ஒரு விதி. எத்தனை புள்ளி எடுத்தாலும் 'சி'க்கு மேல் போடமாட்டார்கள். அரும்பொட்டில் தப்பினாலும் சி. முழுப்புள்ளி எடுத்தாலும் சி. சேர் அன்று கையால் மறைத்துக்கொண்டு எழுதிய எண் அந்த எழுத்துக்குள் போய்விட்டது. அக்கா விடுவாரா? மீள்பரிசீலனைப் படிவம் வாங்கி நிரப்பினார். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதினார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. எழுதுநர் இந்த முறை ஒன்றும் சொல்லாமல் முத்திரை குத்தினாராம். ஐந்து கிழமை கழித்து ஒரு வரிக் கடிதம் வந்தது. பெறுபேற்றில் மாற்றமில்லை.

அக்கா இப்போது கொழும்பில் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருக்கிறார். மற்றவர்கள் எழுதியது சரியில்லை என்று சொல்வதுதான் வேலை என்று கேள்வி. எனக்கு எந்த நிறுவனம் என்று தெரியாது. இதை எழுதத் தொடங்கியபோது சேருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அந்த எண்ணைக் கேட்டேன். அவர் வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போய்விட்டார். பதில் வரவில்லை. பரீட்சைக் கிளையில், பழைய தாள்களை இவ்வளவு காலம் வைத்திருப்பார்களா என்று கேட்டதற்கு, ஒருவர் வைத்திருப்போம் என்றார், மற்றவர் இல்லை என்றார்.

பெறுபேறு வந்த அன்று அறிவித்தல் பலகைக்கு முன்னால் நின்று நான் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்ததை அக்கா தோளுக்கு மேலால் பார்த்தார்.

"என்ன எழுதுறீர்?"

"அக்கா வென்றிட்டா எண்டு."

"அது உமக்குத் தெரியுமோ?"

"பாஸ்தானே."

"பாஸ் எண்டு எனக்கும் தெரியுது. சேர் வயலை ஒப்புக்கொண்டாரோ, பாவம் பாத்தாரோ? அது தெரியுமோ?"

"தெரியாது."

"அப்ப தெரியாது எண்டு எழுதும்."

நான் எழுதியிருந்த வரியை அவர் முன்னாலேயே வெட்டினேன். அதன் கீழே அன்று எழுதியதை, ஒரு சொல்லும் மாற்றாமல், இங்கே தருகிறேன்: "திங்கள், மு.ப. 11.05. அக்காவுக்கு சி. அந்தப் புள்ளி சேர் வயலை ஒப்புக்கொண்டு போட்டதா, பாவம் பார்த்துப் போட்டதா என்பது உறுதிசெய்யப்படவில்லை." பக்கத்தில் ஒரு வட்டம் இருக்கிறது. அதை இன்னும் வெட்டவில்லை.